ஊசிமட்டத்து முதுகு வலி

ஊசிமட்டம் எஸ்டேட்டில் யாருக்கு என்ன வந்தாலும் டிஸ்பென்சரியில் முதுகு வலி என்றுதான் எழுதுவார்கள். முந்தின ராத்திரி குடித்துவிட்டுக் காலையில் எழுந்திரிக்க முடியாதவனுக்கு முதுகு வலி. மேட்டுப்பாளையத்தில் மச்சினிச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதவனுக்கு முதுகு வலி. புருஷன் அடித்துக் கன்னம் வீங்கி வந்தவளுக்கும் அதேதான். கன்னத்தைப் பார்த்துக்கொண்டே கம்பவுண்டர் ஸ்டெபின் முதுகு என்று எழுதுவான். கூடலூர் பக்கத்து ஆள், பேச்சில் பாதி மலையாளம். "முதுகு மதி சேச்சி. முதுகை ஆரும் திறந்து நோக்கில்லல்லோ" என்பான்; முதுகே போதும், அதை யாரும் திறந்து பார்க்கமாட்டார்களே என்று அர்த்தம். தலைமுறை தலைமுறையாக மானேஜர்களும் கண்டும் காணாமல் விட்டார்கள். செங்குத்துச் சரிவில் சாக்கும் கத்திரியுமாக ஏறி இறங்குகிற ஜனத்தைப் பார்த்து உனக்கு முதுகு வலிக்காது என்று எந்த மானேஜர் சொல்வார்?

கோயமுத்தூரிலிருந்து புதிதாக வந்த மானேஜர் தரணிதரன் சொன்னார். கொழுந்து லாரி டிரைவர் இசக்கிமுத்துவுக்கு மழைக்கு மழை முதுகு வலி வந்து, நாள்கணக்கில் வண்டி நிற்பது அவர் கண்ணில் பட்டது. திட்டவில்லை, கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. கம்பெனி செலவில் மலைக்குக் கீழே அனுப்பி ஸ்கேன் எடுக்கவைத்தார். அதில் பார்த்தால் இசக்கிமுத்துவின் முதுகெலும்பு குன்னூர் ரயில் ஏறுகிற பல்சக்கரத் தண்டவாளம் மாதிரி, ஒரு பல் தேயாமல் இருந்தது.

வியாழக்கிழமை மெமோ வந்துவிட்டது. பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுத்தது, நிர்வாகத்தை ஏமாற்றியது. திங்கட்கிழமை விசாரணை. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். வீடு போனால் மூன்று பேர் கட்டில், காஸ் அடுப்பு, டிவியோடு சாரலில் நிற்க வேண்டியதுதான்.

மூன்று பேரில் ஒருவன் இசக்கிமுத்து. இன்னொருத்தி அவன் மனைவி சசிகலா. அதே எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறவள். மூன்றாவது ஆள் தம்பி தினேஷ்குமார். அவன் பின்னறையில் உட்கார்ந்து அமெரிக்கக்காரர்களின் நோய்களுக்கு எண் போடுகிறவன். மெடிக்கல் கோடிங். அங்கே டாக்டர் எழுதுகிற குறிப்பை இங்கே படித்து, இந்த நோய்க்கு இந்த எண் என்று போட்டால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி அசையும். இதை லைன் ஜனத்துக்கு விளக்கப் போய்த் தோற்றவன் அவன். அவர்களுக்கு அவன் ஊசி போடத் தெரியாத டாக்டர். பேதி வந்தால் ஜன்னலைத் தட்டுவார்கள். "எனக்கு நெம்பர் மட்டும்தாங்க தெரியும்" என்பான். "அப்ப அதையாச்சும் சொல்லு சாமி" என்று ஒரு அம்மா கேட்டு, பேதிக்கான எண்ணை வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போனதும் நடந்திருக்கிறது. குணமாகிவிட்டது என்று மறுநாள் நன்றியும் சொன்னாள்.

அந்த வருஷம் அவன் டீமுக்கு வந்ததெல்லாம் மனநலக் குறிப்புகள். எஃப் முப்பத்திரண்டு என்றால் முதல் தடவை வந்த மனச்சோர்வு. எஃப் முப்பத்து மூன்று என்றால் போய்விட்டுத் திரும்பி வருவது. ஓஹையோவில் யாருக்கோ, டெக்சாஸில் யாருக்கோ திரும்பி வந்ததையெல்லாம் சளைக்காமல் எண் போட்டான். அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதும் அந்த முப்பத்து மூன்றுதான் என்று அவனுக்கு உறைக்க மூன்றாவது மழை வர வேண்டியிருந்தது. இந்த லட்சணத்தில் அவன் சீனியர் வேறு.

"இது முதுகு இல்லீங்க அண்ணி" என்று அவன் சொன்ன நாளிலிருந்து சசிகலா அவனுக்குத் தட்டில் சோறு போடுவதை விட்டுவிட்டாள். சட்டியோடு கொண்டுவந்து முன்னால் டொம் என்று வைத்துவிட்டுப் போவாள்.

மெமோ வந்த சாயங்காலம், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் அடுப்படியில் உட்கார்ந்து காலில் கடித்திருந்த அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் உப்பு வைத்தாள். அட்டையைப் பார்க்கிற பார்வைக்கும் கொழுந்தனைப் பார்க்கிற பார்வைக்கும் வித்தியாசம் இல்லை.

"எல்லாம் உன்ற வாயால வந்தது."

"நான் என்னங்க அண்ணி பண்ணுனேன்?"

"முதுகு இல்ல, முதுகு இல்லன்னு ஊடு முச்சூடும் ஓதிட்டு இருந்தியே. மானேஜர் காதுல உழுந்திருச்சு."

"ஸ்கேன்ல முதுகு நல்லா இருக்குதுன்னு வந்ததுக்கு எம் பேச்சா காரணம்?"

"நீ பேசாம இருந்திருந்தா ஆரு ஸ்கேன் எடுத்திருப்பா?"

இந்தக் கணக்குக்கு விடை கிடையாது. தினேஷ் விஷயத்துக்கு வந்தான்.

"இப்ப ஒரே வழிதான். உள்ளதைச் சொல்லிரோணும். ஊட்டில ராஜப்ரியான்னு ஒரு டாக்டர் இருக்காங்க, மனசுக்குப் பாக்கறவங்க. இது சீக்கு, திரும்பத் திரும்ப வர்ற சீக்குன்னு அவங்க எழுதித் தந்தா ஏமாத்துங்கற பேச்சே அடிபட்டுப் போயிரும்."

"பைத்தியம்னு எழுதி வாங்கியாறச் சொல்றே."

"பைத்தியம்னு எந்த டாக்டரும் எழுத மாட்டாங்க."

"அவிங்க என்ன எழுதுனாலும் இங்க அப்படித்தான் படிப்பாங்க. ஏப்பா, நீ படிச்சவன்தானே, இதச் சொல்லு. பைத்தியத்துகிட்ட எவன் லாரியைக் குடுப்பான்? ஏமாத்துக்காரன்னா சண்டை போட்டாச்சும் வேலையை வாங்கலாம். பைத்தியம்னா? மானேஜருக்கு வாயில சக்கரையைப் போட்ட மாதிரி."

கட்டிலிலிருந்து இசக்கிமுத்துவின் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வாளி இல்லாமல் வருகிற குரல்.

"எதுக்குச் சண்டை. ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துரலாம்."

"காலி பண்ணி? எங்கீங்க போறது? காரமடையில எங்கப்பன் ஊட்டுக்கா? எங்க அண்ணிக்காரி ஆரத்தி கரைச்சு வச்சுட்டு வாசல்லயே நிக்கறா, போங்க."

கொங்குப் பக்கத்துப் பெண். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள்; அதனால் திட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும். அட்டையை விறகடுப்பில் போட்டாள். அது சடசடத்து அடங்கியது.

"சரி, போலாம்" என்றாள். "ஆனா நான் வாயத் தொறக்க மாட்டேன். என்னையக் கேட்டா முதுகு வலின்னுதான் சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

தினேஷ்குமார் தன் தொழிலில் முதலில் கற்ற பாடம், டாக்டர் எழுதாதது நடக்காதது. நோயாளி தலைகீழாக நின்றிருந்தாலும் குறிப்பில் இல்லையென்றால் நின்றதில்லை. அடுத்த பாடம், சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம், ஆனால் பதிலைக் கேள்விக்குள் வைத்து அனுப்பக் கூடாது. 'திரும்பி வந்த மனச்சோர்வுதானே?' என்று கேட்டவனின் தலை ஆடிட்டில் உருளும். இந்தப் பாடத்தைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஜூமில் நடத்துகிறவனே அவன்தான். சிரிக்கச் சிரிக்க நடத்துவான் என்று பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பேரையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அண்ணனை எதிரே உட்காரவைத்தான்.

வெளியே சாரல் நிற்காமல் பெய்தது. தகரக் கூரையில் அது அரிசி புடைக்கிற சத்தம். உருளைக்கிழங்கும் பட்டாணியும் கொதிக்கிற வாசனைக்குள் ஃபேக்டரியிலிருந்து வருகிற பச்சைத் தேயிலை வாடையும் கலந்திருந்தது. இசக்கிமுத்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றப்பட்டவன் மாதிரி உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா மனசு சரியில்லைன்னு கேப்பாங்க. என்னங்ணா சொல்லுவீங்க?"

"மழை வர்றதுக்கு முன்னாடி இருந்தே. காத்துல ஒரு ஈர வாசம் வரும்ல, அப்ப இருந்து."

"அது வேண்டாங்ணா. ரெண்டு வாரத்துக்கு மேலன்னு சொல்லுங்க. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்குது."

"ரெண்டு வாரத்துக்கு மேல."

"தூக்கம்?"

"முழிச்சுக்குவேன். ஃபேக்டரியில ரோலர் ஓடுற சத்தம் கேட்டுட்டே கெடப்பேன். அது நின்னுருச்சுன்னா பயமா இருக்கும்."

"தூக்கக் குறைவுன்னு சொல்லுங்ணா. போதும்."

"தூக்கக் குறைவு."

"எதுலயும் நாட்டம் இல்லை. அடுத்தது?"

"பசியில்லை. அசதி. அடுத்தது… என்னைய நெனச்சா எனக்கே…"

"தாழ்வு மனப்பான்மை."

"ஆமா. அது."

தினேஷுக்குக் குஷி வந்துவிட்டது. "இப்பத்தான் முக்கியமானது. நடுவுல ரெண்டு மாசமாச்சும் நல்லா இருந்தீங்களான்னு கேப்பாங்க. இருந்தேன்னு சொல்லோணும். அப்பத்தான் இது திரும்பி வந்ததுன்னு கணக்கு."

"நல்லா இருந்தேன்" என்றான் இசக்கிமுத்து, அழப் போகிறவன் மாதிரி.

சசிகலா கரண்டியைச் சட்டியின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். "நாடகத்துக்குத் தேதி குறிச்சாச்சா? டிக்கெட் எங்க விக்கறீங்க?"

சனிக்கிழமை காலை கிளென்மார்கன் வழியாக வரும் பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து ஊட்டி வந்தார்கள். டாக்டர் ராஜப்ரியாவின் கிளினிக் சேரிங்கிராஸ் பக்கம், வர்க்கி சுடுகிற பேக்கரிக்கு மேல்மாடி. படியேறுகிறவனுக்கு என்ன கவலை இருந்தாலும் நெய்வாசனையில் கால் ஒரு நொடி நிற்கும். இசக்கிமுத்துவின் கால் நிற்கவில்லை.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு. தொடக்கத்தில் அன்பாகத்தான் கேட்டாள்.

"சொல்லுங்க இசக்கிமுத்து. என்ன பண்ணுது?"

இசக்கிமுத்து தம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடங்கினான். "ரெண்டு வாரத்துக்கு மேல மனச்சோர்வு. எதுலயும் நாட்டம் இல்லை. பசியில்லை. தூக்கக் குறைவு. அசதி. தாழ்வு மனப்பான்மை. கவனக் குறைவு. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ வந்திருக்குது. நடுவுல ரெண்டு மாசத்துக்கு மேல நல்லா இருந்தேன்."

ஒன்றையும் விடவில்லை. தினேஷின் முகத்தில் பிள்ளை மெடல் வாங்கிய அப்பனின் களை. டாக்டர் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினாள்.

"நல்லாப் படிச்சிருக்கீங்க" என்றாள். "இதையே கடைசியிலிருந்து சொல்ல வருமா?"

இசக்கிமுத்து உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தான்.

"யாரு சொல்லிக்குடுத்தது?"

தினேஷ் முன்னால் நகர்ந்தான். "மேடம், இது ரெக்கரண்ட். இப்ப சிவியர். ஆனா சைக்கோசிஸ் இல்லைங்க மேடம். அதைத் தனியாக் குறிப்பிட்டு எழுதினா…"

"நீங்க யாரு? டாக்டரா?"

"மெடிக்கல் கோடர்ங்க."

"ஓஹோ." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாள். "அப்ப எதுக்கு என்கிட்ட வந்தீங்க? முப்பத்து மூணு பாயின்ட் ரெண்டுன்னு நீங்களே எழுதிக்க வேண்டியதுதானே. கையெழுத்து மட்டும்தான் குறையுதா?"

"இல்லீங்க மேடம், வந்து…"

"திங்கக்கிழமை என்ன இருக்குது?"

எப்படித் தெரிந்தது என்று தினேஷுக்கு விளங்கவில்லை. "ஒரு விசாரணைங்க."

"அதானே பாத்தேன். வியாழக்கிழமை நோட்டீஸ் வரும், சனிக்கிழமை மனச்சோர்வு வரும். டிரான்ஸ்பர் வேண்டாம்னு ஒருத்தர், டைவர்ஸ் கேஸுக்கு ஒருத்தர், வாரா வாரம் இந்த நாற்காலியில உக்காந்து ஒப்பிக்கறாங்க. இவ்வளவு வரிசையா யாரும் ஒப்பிச்சதில்லை, அதுக்குப் பாராட்டலாம்." சசிகலா பக்கம் திரும்பினாள். "நீங்க வீட்டுக்காரம்மாவா? நீங்க சொல்லுங்க. இவருக்கு என்ன?"

தினேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

"முதுகு வலிங்க" என்றாள் சசிகலா.

"பாத்தீங்களா? வீட்லயே ஒத்து வரலை." டாக்டர் மருந்துச் சீட்டைத் தள்ளி வைத்தாள். "தூக்கத்துக்கு மாத்திரை வேணும்னா எழுதறேன். சர்டிபிகேட் கிடையாது. அடுத்த டோக்கனை வரச் சொல்லுங்க."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பதிலைக் கேள்விக்குள் வைத்தான். அதற்கு இவ்வளவு சீக்கிரம் ஆடிட் வரும் என்று தினேஷ் நினைக்கவில்லை. அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அத்தனையையும் வெள்ளையடித்துப் பொய்யாக்கியது தன் கைதான்.

இசக்கிமுத்து எழுந்தான். கம்பளிச் சால்வையை மடித்துத் தோளில் போட்டான்.

"வாடா, போலாம். அவங்க சொல்றது சரிதான். நான் நடிச்சுட்டுத்தான் இருக்கேன் போல."

அவன் அதை நம்பித்தான் சொன்னான். கதவுப் பக்கம் போன சசிகலா நின்றாள்.

"என்னங்க சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. வா."

"நடிக்கிறீங்களா? ஏனுங்க, நீங்க நடிக்கிறீங்களா? ஒரு பொய் சொன்னாக் காது செவந்து போற ஆளு, மூணு மழைக்கு நடிச்சீங்களாக்கும்?"

"கொஞ்சம் மெதுவாம்மா" என்றாள் டாக்டர்.

"நீங்க சும்மா இருங்க டாக்டரம்மா. வந்ததுலருந்து பாக்கறேன், பேனாவைத் தொறக்கறீங்க, மூடறீங்க. எங்க மலையில எத்தனை கொண்டை ஊசி வளைவுன்னு தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொண்ணுலயும் இந்த ஆளு ஹாரன் அடிப்பாரு. பீப்புன்னு அடிச்சுட்டுப் போறதில்லீங்க. நாயனக்காரன் மாதிரி இழுத்து இழுத்து அடிப்பாரு. கீழ் லைன் பொம்பளைங்க அதக் கேட்டுத்தான் கொழுந்துச் சாக்கைத் தூக்கிட்டு ரோட்டுக்கு வருவாங்க. திடீர்னு ஒரு நாள் அது நிக்கும். வண்டி வரும், போகும், சத்தமே இருக்காது. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுரும், வந்திருச்சுன்னு. அப்பறம் சவரம் நிக்கும். அப்பறம் குளிக்கறது. அப்பறம் பேச்சு. மூணு தடவையும் இதே வரிசைதானுங்க."

"நடுவுல எப்படி இருப்பாரு?" டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"நடுவுல ராசாங்க! தை, மாசியெல்லாம் பாத்திருக்கோணும் நீங்க. எங்கக்கா பையன் காதுகுத்துக்கு வந்து பந்தி பரிமாறுனாரு. பரிமாறிட்டு ரெண்டு எலையில சாப்பிட்டாரு. இந்தா, இவன்கூட இருந்தான், கேளுங்க. கம்ப்யூட்டர்ல ஊர்ப்பட்ட சீக்கைப் படிக்கறான், பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட அண்ணனைப் பாத்தானான்னு கேளுங்க."

தினேஷ் பார்த்திருந்தான். இரண்டாவது இலையைக் கிண்டல்கூடச் செய்திருந்தான்.

"அப்ப ஏம்மா முதுகு வலின்னு சொன்னீங்க?"

"பயம்தானுங்க. பைத்தியம்னு பேராயிருச்சுன்னா? அது பாதி." கதவை விட்டு மேஜைப் பக்கம் வந்தாள். "லீவு முடிஞ்சு வண்டி எடுக்கறப்ப, முதுகு வலி டிரைவருக்கு மட்டும் சாக்குத் தூக்க ஒரு ஆளைக் கேபின்ல கூட ஏத்தி உடுவாங்க. எங்க எஸ்டேட்ல அது வழக்கம். காய்ச்சல்னு எழுதுனா ஏத்த மாட்டாங்க. அந்த வளைவுல இவரைத் தனியா ஓட்ட உட்டுட்டு நான் எப்படீங்க கொழுந்து வெட்டறது? கம்பவுண்டர்கிட்டச் சொல்லி மழைக்கு மழை முதுகு, முதுகுன்னு எழுதி வாங்குனேன்."

இசக்கிமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தான். கேபினில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு வந்த ஆட்கள் ஒவ்வொருவராக அவன் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும்.

"போன புதங்கெழமை," என்றாள் சசிகலா, இப்போது சத்தமே இல்லாமல், "சோத்துல கையை வச்சுட்டுக் கேக்கறாரு. சர்வீஸ்ல இருக்கறப்பவே ஆளு செத்துட்டா, ஊடும் வேலையும் பொண்டாட்டிக்குக் குடுத்துருவாங்கல்ல சசின்னு."

கீழே பேக்கரியில் யாரோ தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் பேனாவைத் திறந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் வெளியே உக்காருங்க" என்றாள். "இசக்கிமுத்து, நீங்க இருங்க. சால்வையைப் போத்திக்குங்க, குளிருது. இந்தத் தடவ வரிசையெல்லாம் வேண்டாம்."

வெளியே பெஞ்சில் சசிகலா ஒரு கோடியிலும் தினேஷ் மறு கோடியிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் நாலு பேர் உட்காரலாம். உள்ளே நேரம் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த டோக்கன்காரர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆள் ஏத்தறதுக்குத்தான் முதுகுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே அண்ணி."

"சொன்னா? அதுக்கும் ஒரு நெம்பர் போட்டிருப்பே."

தினேஷ் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தி ஒப்பேற்றினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் மறுபடி கூப்பிட்டபோது இசக்கிமுத்துவின் கண் சிவந்திருந்தது. சால்வை நனைந்திருந்தது. டாக்டர் இருவரையும் நிற்கவைத்தே பேசினாள்.

"நீங்க மூடி வச்சுக் கெடுத்தீங்க. இந்தத் தம்பி சொல்லிக்குடுத்துக் கெடுத்தாரு. நானும் அவசரப்பட்டேன், அது என் தப்பு. மூணு தடவை வந்திருக்குது, இப்ப கடுமையா இருக்குது. எழுதிட்டேன். மாத்திரை நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. அடுத்த சனிக்கிழமை கட்டாயம் கூட்டிட்டு வரணும். அதுவரைக்கும் வீட்ல தனியா விடாதீங்க. மறுபடியும் அந்த மாதிரிப் பேசினா, எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணணும். இன்னொண்ணும் எழுதியிருக்கேன். இப்போதைக்கு இவரு வண்டி ஓட்டக் கூடாது."

"அம்மா!" சசிகலா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அத மட்டும் வேண்டாங்கம்மா. லாரி போயிட்டா இவருக்கு என்னங்க இருக்குது? அத அடிச்சுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அதை அடிச்சா முழுசையும் அடிக்கணும்."

"இதுக்குத்தாண்டா நான் வேண்டாம்னேன்" என்று தினேஷின் மேல் பாய்ந்தாள். "எழுது, எழுதுன்னியே. எழுதிட்டாங்க பாரு. நல்லாப் படி!"

தினேஷுக்கு எல்லா எண்ணும் மறந்துபோயிருந்தது. இசக்கிமுத்துதான் பேசினான்.

"இருக்கட்டும் சசி. அடிக்க வேண்டாம். அவங்க கேட்டாங்க, நான்தான் சொன்னேன், ஓட்ட முடியலைன்னு. ஸ்டீரிங்கைப் புடிச்சாக் கை நடுங்குது. ஒரு மாசமா நடுங்குது." மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவள் புடவைத் தலைப்பைப் பார்த்துச் சொன்னான். "கூட ஆள் இருந்தாலும் நடுங்குது."

அவள் மேஜையிலிருந்த மாத்திரைச் சீட்டை எடுத்து மடித்து அந்தத் தலைப்பிலேயே முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை விசாரணை ஆபீஸில் நடந்தது. ஓரத்தில் ஸ்டெபின் நின்று கூரையிலிருந்த ஒட்டடையை ஆராய்ந்துகொண்டிருந்தான். தரணிதரன் டாக்டர் எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப இது முதுகு இல்லை."

"இல்லீங்க சார்" என்றான் தினேஷ்.

"மூணு வருஷம் டிஸ்பென்சரியும் குடும்பமும் சேர்ந்து எங்களை முட்டாளாக்கியிருக்கீங்க. இந்த நிலைமையில ஒரு ஆள் ஆறு டன் லாரியை மலையில ஓட்டியிருக்காரு. ஏதாவது ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. கடைசியில் தரணிதரன், நோய் என்று நிரூபணமானதால் ஏமாற்றுக் குற்றத்தைத் தள்ளுவதாகவும், சிகிச்சை விடுப்பு முடிந்ததும் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பிரிவில் வேலை தருவதாகவும், வீடு இருக்கும் என்றும் தந்தி வாசிப்பதுபோல் சொன்னார். ஸ்டெபினை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு இசக்கிமுத்து பக்கம் திரும்பினார். "சாவியைப் புது டிரைவர்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. வெளியே நிக்கறாரு."

புது டிரைவர் பேர் அஸ்வந்த். அதுவரை கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிய பிக்கப் வண்டிக்காரன். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம், காதில் வயர். லாரியின் முன் டயரை எட்டி உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இசக்கிமுத்து அதைப் பார்த்தான்.

"தம்பி, சாவி."

"குடுங்கண்ணா."

சாவி கை மாறியது. அதோடு அண்ணன் போய்விடுவான் என்றுதான் தினேஷ் நினைத்தான். இசக்கிமுத்து நின்றான்.

"மூணாவது கியர் லேசுல உழுகாது. அழுத்திப் புடிச்சு, ஒரு மூச்சு விட்டு, அப்பறம் போடு. இறக்கத்துல நியூட்ரல் போட்டன்னா உன்னைய நீயே சாகக் குடுக்கற. காலையில ஏழு மணிக்கு முன்னாடி எடுத்தா இடது கண்ணாடி தொடைச்சாலும் பனி ஏறும், துணி சீட்டுக்கு அடியில இருக்குது. மாரியம்மன் கோயில் வளைவுல ரோட்டோரம் மண்ணு உள்வாங்கியிருக்குது, மேட்டுப் பக்கமா ஒட்டி வா. கொழுந்தை அமுக்கி ஏத்த விடாதே, சூடேறிச் செவந்து போகும். பொம்பளைங்க நனைஞ்சுட்டு நிப்பாங்க, அவங்களைக் காக்க வைக்காதே."

இத்தனை சொற்களை அவன் ஒரே மூச்சில் பேசி எத்தனை காலமாயிற்று என்று சசிகலாவுக்குத்தான் தெரியும். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"லாரிதானுங்ணா" என்றான் அஸ்வந்த். "கேரட்டோ கொழுந்தோ, எல்லாம் ஒரே ஓட்டுதான்."

ஏறினான். ஸ்டார்ட் செய்தான். முற்றத்தைத் தாண்டி ஏற்றத்தில் திரும்பும்போது கியர்ப்பெட்டியிலிருந்து, ஆட்டுக்கல்லில் ஆணியைப் போட்டு அரைக்கிற சத்தம் எழுந்தது. இசக்கிமுத்துவின் முகம் சுருங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அழுத்திப் போடுன்னு சொன்னேன்ல, கேணப்பய" என்று பல்லுக்குள் முணுமுணுத்தான். "கேரட் ஓட்டறவனுக்குக் கியர் ஒரு கேடு."

சசிகலா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏனுங்க, இங்கிருந்து முனகுனா அவனுக்கு எப்படீங்க கேக்கும்? நல்லாச் சத்தமாத் திட்டுங்க."